மல்லாட்டை பொக்காவது ஏன்?

திண்டிவனம் வட்டத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இரண்டு ஏக்கர் கிணற்றுப் பாசனம், மார்கழிப் பட்டத்தில் மல்லாட்டை. ஆண்டு தவறாமல் டிஏபி இடுகிறார். செடி செழித்து நிற்கிறது. பிடுங்கினால் பாதிக்காய் பொக்கு. நகையை அடகு வைத்துச் செய்த பயிர் கூலிக்கே போய்விட்டதாம். நிலத்தில் உப்பு ஏறிவிட்டதா, ஜிப்சம் போட்டால் தீருமா என்பது அவர் கேள்வி.

முதலில் உரத்தைப் பார்ப்போம். 50 கிலோ டிஏபி மூட்டையில் மணிச்சத்து 23 கிலோ, தழைச்சத்து 9 கிலோ. சுண்ணாம்புச் சத்தும் கந்தகமும் கிடையாது. சூப்பர் பாஸ்பேட் மூட்டையில் மணிச்சத்து 8 கிலோதான்; ஆனால் அதில் பெரும்பங்கு ஜிப்சமே. டிஏபி ஒரு மூட்டைக்குப் பதில் சூப்பர் மூன்று மூட்டை அடியுரமாக இட்டால் மணிச்சத்துக் கணக்கு சரியாகிவிடும். கூடவே சுண்ணாம்பும், எண்ணெய் கூட உதவும் கந்தகமும் சேரும். தழைச்சத்தை மட்டும் தனியே கொடுக்க வேண்டும். சுமை கூலி அதிகம் என்று சூப்பரை ஒதுக்குவது மல்லாட்டைக்கு நட்டக் கணக்கு.

வேர் எடுக்கும் சுண்ணாம்பு இலைக்கு ஏறுமே தவிர, காய்க்கு இறங்காது. மண்ணுக்குள் இறங்கிய காய் தன்னைச் சுற்றியுள்ள ஈர மண்ணிலிருந்து நேராக உறிஞ்சிக்கொள்கிறது. அதனால்தான் 40 முதல் 45 நாளுக்குள் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சத்தைச் செடியோரம் தூவி, ஈரம் இருக்கும்போது மண் அணைக்கச் சொல்கிறார்கள். விழுது இறங்கிய பிறகு மண்ணைக் கிளறக் கூடாது.

உப்பு விஷயம் வேறு. காய்ந்ததும் வெள்ளை பூத்தால் பெரும்பாலும் உவர். அதற்கு ஜிப்சம் வீண். வடிகால் எடுத்து நல்ல நீரால் கழுவ வேண்டும். நீர் கலங்கலாகவே தேங்கி, காய்ந்தால் கல்லாய் இறுகினால் களர், அதாவது மண்ணில் சோடியம் ஒட்டியிருக்கிறது. ஜிப்சத்தின் சுண்ணாம்பு அந்தச் சோடியத்தைப் பெயர்த்து, நீரில் கரைந்து ஓடும் சோடியம் சல்பேட்டாக்கும். வடிகால் இல்லையென்றால் அது அங்கேயே தங்கும். களருக்கு வேண்டிய ஜிப்சம் மூட்டைக் கணக்கல்ல, டன் கணக்கு. அளவை மண் பரிசோதனைதான் சொல்லும். கிணற்று நீரையும் சேர்த்துக் கொடுங்கள்.

மரக்காணம் உப்பைத் தென்னைக்கு வைக்கலாமா என்று இன்னொருவர் கேட்கிறார். உப்பில் தென்னைக்கு உதவுவது பெரும்பாலும் குளோரின்தான், சோடியம் அல்ல. பொட்டாஷ் உரமாக இடும் பொட்டாசியம் குளோரைடிலேயே அது இருக்கிறது. கிணறு உப்புக் கரிக்கும் ஊரில் உப்பு வைக்கவே வேண்டாம்.