பட்டனுக்குப் பவுடர், புள்ளிக்கு வேட்டு

ரொம்ப நாளா மனசுல கிடந்து அரிச்ச விஷயம். இன்னைக்குக் கொட்டிடலாம்னு உட்கார்ந்துட்டேன். பொட்டி தட்டுற மக்கள் கோவப்படுவீங்க. படுங்க. முதல்ல திட்டப் போறது என்னைத்தான், அதனால நமக்குள்ள சண்டை வராது :-)

டெஸ்க்டாப் அப்ளிகேஷன் எழுதுற நம்மாளுகளுக்கு ஒரு வியாதி உண்டு. விண்டோஸ் சும்மா குடுக்குற பட்டன், டெக்ஸ்ட்பாக்ஸ், லிஸ்ட் எதுவும் கண்ணுக்குப் பிடிக்காது. "ச்சீ, சாம்பல் கலர்ல கவர்மெண்டு ஆபீஸ் பீரோ மாதிரி இருக்கு"ன்னு சொல்லிட்டு, சொந்தமா கண்ட்ரோல் வரைய உட்கார்ந்திருவோம். வளைஞ்ச மூலை, பளபளப்பு, நிழல், எல்லாம் வரும். தமிழ் மட்டும் செத்துப் போகும். அழகுக்காக நாம தூக்கிப் போடுறது ஒரு சாம்பல் டப்பாவை இல்லீங்க, அதுக்குள்ள பல வருஷமா பலபேர் சேர்த்து வச்ச எழுத்தறிவை. இந்தப் பதிவு அதைப் பத்தித்தான்.

முதல் அடி

2011ல எங்க ஓட்டப்பிடாரத்துல சித்தப்பா உரக்கடைக்கு ஒரு பில்லிங் புரோகிராம் எழுதிக் குடுத்தேன். அதுவரைக்கும் கடையில இருந்தது ஒரு நீளமான பற்று நோட்டு. யூரியா இத்தனை மூட்டை, டிஏபி இத்தனை, உளுந்து விதை இத்தனை கிலோன்னு பேர் பேரா இருக்கும். எங்க பக்கம் கரிசக்காடு, மானம் பார்த்த பூமி. வெள்ளாமை வீடு வந்தாத்தான் கடன் அடையும். அதனால கடைக்கு வர்ற ஆச்சிமார் நோட்டை வாங்கி, தன் பேருக்கு நேரா விரலை வச்சு ஓட்டிப் பார்த்துட்டுத்தான் கிளம்புவாங்க.

நான் சி ஷார்ப்ல விண்டோஸ் ஃபார்ம்ஸ் எடுத்து, பட்டனையும் லிஸ்ட்டையும் நானே வரைஞ்சேன். எழுத்துக்கு எழுத்து ரெண்டு பிக்சல் இடைவெளி விட்டா ஸ்டைலா இருக்கும்னு, சொல்லைப் பிச்சு ஒவ்வொரு எழுத்தா வரையுற மாதிரி கோடு. இங்கிலீஷ்ல சும்மா தகதகன்னு மின்னுச்சு. சித்தப்பா பார்த்துட்டு, "நல்லாத்தான் இருக்குடே. எல்லாத்தையும் தமிழ்ல மாத்திரு, கடைப்பையனுக்கும் புரியணும்லா"ன்னார்.

முதல் பட்டன்ல "கொள்முதல்"னு போட்டேன். வந்தது என்ன தெரியுமா? ஒரு மொட்டை க. அடுத்து கொம்புக்கும் காலுக்கும் நடுவுல ஒரு புள்ளி வட்டம். அப்புறம் ஒரு ள, அதுக்குப் பக்கத்துல இன்னொரு வட்டம், அந்த வட்டத்துக்கு மேல ஒரு புள்ளி. கொள்முதல் இல்லை, கொலைமுதல்! அவ்வ்வ்வ்.

சரிபண்ண நேரமில்ல, மறுநாள் ஊருக்குக் கிளம்பணும். பட்டனெல்லாம் திரும்ப இங்கிலீஷ். வாடிக்கையாளர் பேரும் அதே லிஸ்ட்லதான் வரணும், அதனால "பேரையும் இங்கிலீஷ்லயே அடிச்சுக்கிடுங்க சித்தப்பா"ன்னு சொல்லிட்டுப் போயிட்டேன். பொங்கலுக்கு வந்தப்போ கடையில ஒரு ஆச்சி பில்லைக் கையில வச்சுத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு இருந்தாங்க. என்ன ஆச்சின்னு கேட்டேன்.

"ஒண்ணுமில்லய்யா. முன்னெல்லாம் நோட்டைப் பாத்து நானே கணக்குத் தெரிஞ்சுக்கிடுவேன். இப்பம் நீங்க சொல்லுறதுதான் கணக்கு."

கோவமா சொல்லல. சும்மாதான் சொன்னாங்க. படிக்கத் தெரிஞ்ச ஒரு மனுஷியை, ரெண்டு பிக்சல் இடைவெளிக்காக, ஒரே நாள்ல கைநாட்டு ஆக்கிட்டேன்.

ஏன் உடையுது?

"கொ"ங்கிறது கம்ப்யூட்டருக்குள்ள முதல்ல க, அப்புறம் ஒகரக் குறி. திரையில அந்தக் குறி ரெண்டா உடைஞ்சு, கொம்பு முன்னாடியும் கால் பின்னாடியும் போய் உட்காரணும். இந்த வேலையை விண்டோஸ் 2000லேருந்து யூனிஸ்கிரைப்ங்கிற பகுதி செஞ்சுக்கிட்டு இருக்கு. அதுகிட்ட முழுச் சொல்லையும் குடுத்தா ஒழுங்கா கோத்துக் குடுக்கும். நீங்க ஒவ்வொரு எழுத்தா பிச்சுக் குடுத்தா, தனியா வந்த குறிக்கு அது புள்ளி வட்டம்தான் போடும். தப்பு அதுமேல இல்ல.

டாட்நெட்ல இன்னொரு கூத்தும் உண்டு. எழுத்து வரைய ரெண்டு வழி: ஜிடிஐ+ வழியா டிராஸ்ட்ரிங், ஜிடிஐ வழியா டெக்ஸ்ட்ரெண்டரர். 2005ல டாட்நெட் 2.0 வந்தப்போ, நம்மள மாதிரி மொழிகளையும் மனசுல வச்சுத்தான் ரெண்டாவதைக் கொண்டு வந்து, சொந்தக் கண்ட்ரோல்களையும் அதுக்கு மாத்தினாங்க. நாம என்ன பண்ணோம்? பழைய மாதிரிக் கோடை காப்பி அடிச்சு டிராஸ்ட்ரிங்கையே கட்டிக்கிட்டு அழுதோம்.

ரெண்டாவது அடி

வெட்கப்பட்டு வரையுற கோடை எல்லாம் தூக்கி எறிஞ்சு, தமிழ்ல பேர் வர்ற மாதிரி மாத்தினேன். அப்பாடான்னு இருந்தப்போ எனக்கு ரெண்டாங்கிளாஸ் எடுத்த வாத்தியார் பில்லோட வந்து நின்னார்.

"ஏடே, மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கணும்னு சொல்லிக் குடுத்தேன்லா? ஊர்ப் பேர்லயே காணோமே?"

பார்த்தா, பில்லுல "ஓட்டப்பிடாரம". கடைசிப் புள்ளி அவுட்!

நடந்தது இதுதான். ஊர்ப் பேரை இங்கிலீஷ்ல எழுதினா 11 எழுத்து. ஒண்ணு தாராளமா சேர்த்து பெட்டிக்கு 12னு எல்லை வச்சிருந்தேன். தமிழ்ல எண்ணிப் பாருங்க, எட்டே எழுத்து. ஆனா யூனிகோடுல ஒவ்வொரு துணைக்குறியும் ஒவ்வொரு புள்ளியும் தனிக் கணக்கு, ஆக 13. பதிமூணாவதா நின்ன புள்ளியை என் பெட்டி வாசல்லயே நிறுத்திருச்சு. தொல்காப்பியமே மெய்க்குப் புள்ளி உண்டுன்னு சொல்லியிருக்கு, என் டெக்ஸ்ட்பாக்ஸ் இல்லைன்னுருச்சு.

இதைவிடப் பெரிய கொடுமை, "பேர்ல எழுத்து மட்டும்தான் வரணும்"னு நாம போடுற சோதனை. டாட்நெட்ல "இது எழுத்தா?"ன்னு ஒவ்வொண்ணா கேட்டா க, ம, ட எல்லாம் எழுத்து. கொம்பு, கால், சுழி, புள்ளி எதுவும் எழுத்தில்லை, குறி. அதையெல்லாம் வடிகட்டினா "தமிழ்" என்ன ஆகும்? "தமழ". எங்க ஊர்? "ஓடடபபடரம". வாய்விட்டுப் படிச்சுப் பாருங்க, மூச்சு முட்டும்.

நாம பண்ண பாவம்

இந்தப் பிரச்சினை இன்னைக்கு நேத்து வந்ததில்ல. விஷுவல் பேசிக் 6ன் சாதா பெட்டிகளுக்கு யூனிகோடு தெரியாது. தமிழுக்கு விண்டோஸ்ல பழைய எட்டு பிட் கோடுபேஜும் கிடையாது. யூனிகோடு தமிழ் போட்டா வரிசையா கேள்விக்குறிதான் வரும். ஆனா திஸ்கி, டாப் மாதிரி எழுத்துரு முறைகள்ல கொம்பு முதல்லயே தனியா சேமிக்கப்படும். எழுத்தை எழுத்தெழுத்தா வரையுற முட்டாள் கண்ட்ரோல்லயும் அது அழகா வந்திரும். ஃபான்டை மட்டும் மாத்தினா போதும்.

அதனாலதான் யூனிகோடு வந்த பிறகும் நம்ம அலுவலகங்கள், அச்சகங்கள் பழைய ஃபான்டை விட முடியாம வருஷக்கணக்கா தவிச்சது. 1999ல தமிழ்நெட் மாநாடு நடந்து விசைப்பலகையும் எட்டு பிட் முறைகளும் தரமாச்சு. அரசு யூனிகோடையும் டேஸ்16ஐயும் தரமா ஏத்துக்கிட்டது 2010ல. நடுவுல அடிச்ச கோப்புகள்? அந்த ஃபான்ட் இல்லாத மெஷின்ல திறந்தா பூச்சி பூச்சியா தெரியும். தேட முடியாது, அகர வரிசைப்படுத்த முடியாது. எல்லாப் பழியையும் ஃபான்ட் மேலயே போடுறோம். பாதிப் பழி, யூனிகோடை உள்ளே விடாத கண்ட்ரோல்களுக்கும் உண்டு.

சால்ஜாப்புகளும் பதில்களும்

"கஸ்டமர் பளபளன்னு கேக்குறான் பாஸ்." குடுங்க, யார் வேண்டாங்கிறது? 2006ல வந்த டபிள்யூபிஎஃப்லயே தோற்றம் வேற, நடத்தை வேறன்னு பிரிச்சாச்சு. டெம்ப்ளேட்டை மாத்தி பட்டனை மாம்பழ வடிவத்துலகூட பண்ணலாம், எழுத்துக்கு ஒண்ணும் ஆகாது. க்யூட்டிலயும் ஜிடிகேலயும் ஸ்டைல்ஷீட் இருக்கு. சட்டையை மாத்துங்க, எலும்பை ஏன் உடைக்கிறீங்க?

"தமிழ்ல யாரு உபயோகிக்கிறாங்க?" நீங்க உடைச்சு வச்சதால உபயோகிக்கல. உபயோகிக்கலங்கிறதால நீங்க சரிபண்ணல. 1554ல லிஸ்பன்ல அச்சான கார்த்தில்யா, தமிழை ரோமன் எழுத்துலதான் போட்டது. எங்க முத்துக்குளித்துறையில வேலை செஞ்ச அன்றீக்கு அடிகளார் அதோட விட்டிருக்கலாம். ஆனா 1578ல கொல்லத்துல தம்பிரான் வணக்கம் தமிழ் எழுத்துலயே அச்சாச்சு. 24 வருஷத்துல ஈயத்துல வார்த்தாங்க. நமக்கு ஒரு ஃபங்ஷன் பேரை மாத்தக் கஷ்டமா இருக்கு.

"இப்பல்லாம் எலக்ட்ரான்தான், பிரவுசரே பார்த்துக்கும்." எழுத்தைக் கோக்குறதைப் பார்த்துக்கும், சரி. ஆனா வெறும் டிவ்வை பட்டன்னு சொல்லி க்ளிக் மட்டும் மாட்டி வச்சா, டேப் சாவிக்கு அது நிக்காது, என்டருக்கு அசையாது. பார்வையற்ற ஒருத்தர் என்விடிஏ வச்சுக்கிட்டு வந்தா, அங்கே ஒரு பட்டன் இருக்குன்னே அவருக்குத் தெரியாது. டெஸ்க்டாப்ல நாம வரையுற பட்டனும் அதே கதைதான். கேம் மாதிரித் திரை வரையுறவங்களுக்குத் தனியா ஒரு வார்த்தை: டியர் இம்குயில எழுத்து கோக்குற வசதி கிடையாது. கோடாட்டுக்கு அது 2023ல நாலாம் பதிப்புலதான் வந்துச்சு. எடுக்குறதுக்கு முன்னாடியே பார்த்து எடுங்க.

"நாமளே செய்யணுங்க, சுதேசி!" இதைச் சொன்ன நண்பருக்கு எங்க ஊர்ல வச்சே பதில் சொன்னேன். 1872ல இங்க பிறந்தவர்தான் வ.உ.சி. 1906ல சுதேசி கப்பல் கம்பெனி தொடங்கி, தூத்துக்குடி-கொழும்புக்குக் கப்பல் விட்டார். ஆனா காலியா, லாவோ ரெண்டையும் அவர் பலகை அடிச்சுக் கட்டல, விலைக்கு வாங்கினார். மிதக்கிற கப்பலை வாங்கி நம்ம ஜனத்தை ஏத்தினதுதான் அவரோட சுதேசி. நாம பண்றது, அழகா பெயின்ட் அடிச்ச ஓட்டைத் தோணி.

சரி, என்னதான் பண்ணலாம்?

சொந்தக் கண்ட்ரோலே கூடாதுன்னு நான் சொல்லல. ஆடி, ஆவணி காட்டுற தமிழ் மாத நாட்காட்டி வேணும்னா விண்டோஸ் தேதிப்பெட்டி உதவாது, நாமதான் கட்டணும். கட்டுங்க. ஆனா இருக்குற கண்ட்ரோலை வாங்கி மேல கட்டுங்க. எழுத்தை மட்டும் நீங்க வரையாதீங்க, முழுச் சொல்லா சிஸ்டத்துக்கிட்ட குடுத்திருங்க. நீளம் எண்ணணும்னா குறியை எண்ணாதீங்க, எழுத்தை எண்ணுங்க. டாட்நெட்ல அதுக்கு ஸ்ட்ரிங்இன்ஃபோ இருக்கு.

வெளியே விடுறதுக்கு முன்னாடி மூணே சோதனை. பட்டன்ல "கொள்முதல்"னு போடுங்க. பெட்டியில "ஓட்டப்பிடாரம்"னு அடிங்க. மவுஸைப் பிடுங்கி வச்சுட்டு ஒரு பில் போடுங்க. மூணும் தேறினா, அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் பவுடர் பூசுங்க.

பி.கு: சித்தப்பா கடையில இப்ப எல்லாப் பட்டனும் அதே பீரோ சாம்பல். பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு, கலர் நல்லால்லன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் சொல்லல. பில்லு தமிழ்ல வருது. ஆச்சி மட்டும் இப்பவும் பில்லை நம்ப மாட்டாங்க. விரலை வச்சு ஓட்டிப் பார்த்துட்டுத்தான் கிளம்புறாங்க :-)