ஓடப் போனவரும் ஊர் பார்க்கப் போனவரும்

சிலாவத்துறையிலிருந்து கொண்டச்சி வழியாக மறிச்சுக்கட்டிக்குச் செல்லும் வீதி, ஓடுகிறவர்களுக்காகவே போடப்பட்டது போன்றதொரு வீதி. ஏற்றம் என்று சொல்லத்தக்க ஏற்றம் இல்லை. மணலும் உடைமரப் பற்றையும், இடையிடையே மரமுந்திரிகைத் தோட்டங்களும் தொடர்ந்து வரும்; நிழல் என்பது பேருக்குத்தான். பொழுது புலருமுன் இளைஞர் சிலர் இவ்வீதியில் ஓடுவதை இப்பொழுது காண்கிறோம். தேநீர்க் கடைக்காரர் மறித்து, “எங்கே தம்பி இவ்வளவு அவசரம்?” என்று கேட்டால், “மரதனுக்கு” என்று மறுமொழி வருகிறது. எந்த ஊர் மரதன் என்று விசாரித்தால் சிங்கப்பூர் என்கிறார் ஒருவர். இலண்டன் என்கிறார் இன்னொருவர். (மறிச்சுக்கட்டிக்குத் தெற்கே வில்பத்துக் காடு தொடங்குகிறது. யானை நடமாடும் அந்தப் பக்கத்தில் இருளில் ஓடிப் பழக நினைப்பவருக்கு வெளிநாட்டுப் பயணம் தேவைப்படாது என்பதை முதலிலேயே சொல்லி வைக்கிறோம்.)

இப்பகுதி மக்களுக்கு ஊரைவிட்டுப் போவது புதிய செய்தியன்று. 1990இல் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் பல புத்தளத்தில் ஆண்டுக்கணக்காக அகதிகளாய் வாழ்ந்து, போர் முடிந்த 2009இன் பின்னரே இந்தக் கரைக்கு மீண்டன. ஏனையோரும் இந்தியாவுக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் சிதறியவர்களே. அப்படிச் சிதறியவர்களில் ஓர் அக்காளோ ஒரு சாச்சாவோ, தாம் வாழும் பட்டணத்தில் நடக்கும் ஓட்டத்துக்குத் தம்பியின் பெயரைப் பதிந்து, நுழைவுப் பணத்தையும் கட்டி, விமானச் சீட்டுக்கும் ஒரு பங்கு அனுப்பி விடுகிறார். மிகுதியை வீட்டார் சேர்க்கிறார்கள். ஆகவே அவ்விளைஞர் தமக்காக மாத்திரம் ஓடுவதில்லை. அவருடைய இரண்டு கால்களின்மேல் ஒரு குடும்பத்தின் ஓராண்டுச் சேமிப்பு ஏறி அமர்ந்திருக்கிறது. மரதனின் தூரம் 42.195 கிலோமீற்றர், மன்னார்த் தீவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓடி முடித்தாலும் இன்னும் பாதை மீதி இருக்கும். அத்தனை பாரத்தோடு அத்தனை தூரத்தை எப்படிக் கடப்பது என்பதே நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள்.

கொண்டச்சிக் குடா இதற்கு நேர்மாறான ஒரு காட்சியை முன்னொரு காலத்தில் கண்டது. அன்று, உடலை வருத்தி உழைப்பதற்காக வெளியூர்களிலிருந்து மனிதர்கள் இங்கே வந்தார்கள். இரண்டு பருவக் காற்றுகளுக்கும் இடையில் கடல் அமைதியாயிருக்கும் மாசி, பங்குனி நாள்களில் முத்துக் குளிப்பு நடக்கும். தூத்துக்குடி, கீழக்கரை, மலையாளக் கரை, பாரசீகக் குடா ஆகிய இடங்களிலிருந்து குளியாட்கள் வந்து இறங்குவார்கள். அவர்களோடு வணிகரும் வித்தை காட்டுவோரும், வேடிக்கை பார்க்கவென்றே வந்தவர்களும் கூட, வெறும் மணல்வெளி சில கிழமைகளுக்குப் பெரும் பட்டணமாகி விடும். றொபேட் பேர்சிவல் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி 1803இல் வெளியிட்ட தமது இலங்கை நூலில் இக்காட்சியை விரிவாக எழுதியிருக்கிறார்.

அவர் எழுதியவற்றுள் இரண்டு செய்திகள் நம் ஓட்டக்காரர் மனத்தில் இருத்தத் தக்கவை. ஒவ்வொரு படகிலும் பத்துப் பேர் குளிப்பவர்கள்; பத்துப் பேரும் ஒரே நேரத்தில் இறங்குவதில்லை. ஐவர் இறங்கி மீண்ட பின்னரே மற்றை ஐவர் கல்லைக் காலிற் கொளுவிக்கொண்டு இறங்குவர். முன்னவர் மேலே இருந்து மூச்சை மீட்டுக்கொள்வர். ஓய்வு என்பது வேலைக்கு இடையிலே திருடிக்கொண்ட நேரமன்று. வேலையின் ஒரு பாதியாகவே அதை வகுத்து வைத்திருந்தார்கள். இரண்டாவது, நள்ளிரவுக்கு முன் தரைக்காற்றில் புறப்பட்டு, சூரியன் உதித்ததும் குளிக்கத் தொடங்குவோர், நண்பகலை அண்டிக் கடற்காற்று எழுந்ததும் பாயை விரித்துக் கரைக்குத் திரும்பிவிடுவர். ‘இன்னும் நான்கு சிப்பி’ என்று அங்கே நின்றவர் இல்லை.

இதைச் சொல்லும் அதே நூல், நாற்பது ஐம்பது முறை மூழ்கிய குளியாட்களின் வாயிலும் மூக்கிலும் காதிலும் குருதி வழிவதையும், அதைப் பொருட்படுத்தாமல் அவர்கள் மறுபடியும் இறங்குவதையும் சொல்கிறது. இதை வீரம் என்று புகழ நமக்கு மனம் வரவில்லை. கடன் தலைக்குமேல் நிற்கும்போது மனிதன் தன் உடலை அப்படித்தான் நடத்துவான். அக்காள் அனுப்பிய காசை நினைத்துக்கொண்டு, நோகின்ற காலோடு விடியற்காலையில் சப்பாத்தை மாட்டுகிற தம்பியும் அதே நிலையில் நிற்கிறார்.

ஆகையால் காயங்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். இந்தக் கரையில் பழகுகிறவருக்கு நோவு பெரும்பாலும் இரண்டு வழியால் வருகிறது. கடலோர மணல் மெத்தென்று இருக்கிறதே என்று நம்பி அதில் நெடுந்தூரம் ஓடினால், குதிகால் புதைந்து புதைந்து எழும்; கெண்டைக்காலும் குதிநரம்பும் இழுபடும். மணலை விட்டுத் தார்வீதிக்கு வந்து, ஒரே கிழமையில் தூரத்தை இரட்டிப்பாக்கினால் முன்னங்கால் எலும்பு நோகத் தொடங்கும். பரவலாக நோவதும், ஓடி உடம்பு சூடேறியதும் குறைவதுமான நோவுக்கு ஓட்டத்தைக் குறைத்துச் சில நாள் பொறுத்தால் பெரும்பாலும் குணம் காணலாம். ஆனால் எலும்பின் ஓரிடத்தில், ஒரு விரல் நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய இடத்தில், அழுத்தினால் துடிக்கிற நோவு, ஓட ஓட ஏறிக்கொண்டே போகிற நோவு, படுக்கையிலும் விடாத நோவு—இவை எலும்பில் மயிரிழை வெடிப்பு விழுந்திருக்கக் கூடும் என்பதற்கு அறிகுறிகள். இதற்கு எண்ணெய் பூசி உருவுதல் ஆகாது. நம்முடைய முறிவு நெரிவு வைத்தியர்கள்மீது நமக்கு மதிப்புக் குறைவில்லை. ஆயினும் இவ்விடத்தில் முதலில் செல்லவேண்டியது ஆஸ்பத்திரிக்கே. தொடக்கத்தில் எக்ஸ்ரேயிலும் இவ்வெடிப்புத் தெரியாமற் போவது உண்டு. ஆதலால் படம் நன்றாயிருக்கிறது என்று மறுநாளே ஓடுவதும் தகாது. நோவை மறைக்கும் மாத்திரையை விழுங்கிவிட்டு நெடுந்தூரம் ஓடுவதோ, சிறுநீரகத்தையும் கூடச் சேர்த்துப் பணயம் வைப்பதாகும்.

வெயிலைப் பற்றி மன்னாரில் வளர்ந்தவருக்கு நாம் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. எனினும், வெயிலைத் தெரியும் என்ற மதர்ப்பும் ஆபத்தானது. 1954இல் வன்கூவரில் நடந்த பேரரசு விளையாட்டுகளில், அந்நாளில் உலகின் தலைசிறந்த மரதன் வீரரான ஜிம் பீற்றர்ஸ், மற்றவர்களை ஏறக்குறைய 17 நிமிட தூரம் பின்னே விட்டுவிட்டுக் கடும் வெயிலில் மைதானத்துள் நுழைந்தார். நுழைந்தவர் விழுந்தார், எழுந்தார், மறுபடியும் விழுந்தார். முடிவுக் கோட்டை அவர் எட்டவில்லை. அதன்பின் வாழ்நாளில் அவர் மரதன் ஓடவும் இல்லை. மாறாக, பயந்து பயந்து தண்ணீரை வரம்பின்றிக் குடிப்பதும் தீங்கே. 2002இல் பொஸ்ரன் மரதனில் ஓடி முடித்த 488 பேரின் குருதியைச் சோதித்தபோது, அவர்களுள் நூற்றுக்கு 13 பேருக்கு உப்புச் சத்து அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. தாகத்துக்குக் குடித்தல் போதும்.

இனி, பயணத்துக்கு வருவோம். வெளிநாட்டில் ஓடுகிறவருக்கு எதிரிகள் பலர். அவர்களுள் அன்பு மிகுந்தவர்கள் உறவினர்களே. ஓட்டம் ஞாயிறு என்றால் வியாழனன்று போய் இறங்குகிறோம். பத்து ஆண்டுகளாகக் காணாத பெரியம்மா ஒரு நேரம் சாப்பிட்டே ஆகவேண்டும் என்கிறார். மச்சான் காரைக் கொண்டுவந்து நிறுத்தி, அரண்மனையும் கோபுரமும் பாலமும் பார்க்காமல் போனால் ஊரில் என்ன சொல்வாய் என்கிறார். நாள் முழுதும் கல்வீதிகளில் நடந்து, கடைகளில் நின்று, இரவு பதினொரு மணிக்குக் கொத்துரொட்டி தின்று படுத்தவர், மரதனின் முதல் பத்து மைலை ஓடாமலேயே ஓடி முடித்துவிட்டார் என்றே கொள்ளவேண்டும்.

அதற்காகக் கண்ணைக் கட்டிக்கொண்டு அறைக்குள் கிடக்கச் சொல்கிறோமா? இல்லை. ஊர் பார்ப்பதை ஓட்டத்துக்கே துணையாக்கிக்கொண்ட ஒருவரை உலகம் அறியும். எதியோப்பிய வீரர் அபேபே பிகிலா 1960இல் ஒலிம்பிக் போட்டிக்காக உரோமாபுரிக்குச் சென்றார். ஓட்டப் பாதையை முன்கூட்டியே சுற்றிப் பார்த்தபோது, முடிவிடத்துக்கு அண்மையில் ஒரு கற்றூண் நிற்பதை அவரும் பயிற்சியாளர் ஒன்னி நிஸ்கனெனும் கண்டார்கள். அது அவருடைய சொந்த நாட்டின் அக்சும் நகரத்துத் தூண். இத்தாலியர் படையெடுத்து நாட்டைப் பிடித்தபின் 1937இல் எடுத்துப்போனது. அவ்விடத்திலேயே மற்றவரை விட்டுப் பிரிவது என்று தீர்மானித்தார்கள். செப்டெம்பர் 10ஆம் நாள் அந்தியில் தொடங்கிய ஓட்டம், இருட்டிய பின் தீப்பந்தங்களின் ஒளியில் முடிந்தது. வெறுங்காலோடு ஓடிய பிகிலா, தூணை அண்டியதும் மொறோக்கோ வீரரை விட்டு விலகி 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் வென்றார். அந்தத் தூண் 2005இல் தாயகம் திரும்பிற்று. இதனினும் பயனுள்ள ஊர்பார்ப்பு ஒன்றை நாம் கேள்விப்பட்டதில்லை. நம் தம்பியும் ஓட்டத்துக்கு முன் மச்சானின் காரில் ஏறட்டும்; ஆனால் ஓட்டப் பாதை வழியே ஒரு முறை போய், இருபதாம் மைலில் என்ன நிற்கிறது, எங்கே ஏற்றம் வருகிறது என்று பார்த்து வரட்டும். அரண்மனை திங்கட்கிழமையும் அங்கேதான் இருக்கும். விமானச் சீட்டின் திரும்பும் நாளை மூன்று நாள் தள்ளிப் போட்டால், பெரியம்மாவின் சோற்றையும் மனநிறைவோடு உண்ணலாம்.

நேரமாற்றத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளவேண்டும். சித்திரை மாதத்து இலண்டன் நமக்கு நாலரை மணி நேரம் பின்னே நிற்கிறது. சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னே. ஒரு மணி நேர மாற்றத்துக்கு ஒரு நாள் என்று பொதுவாகக் கணக்கிடுவர். கடைசி மூன்று கிழமையில் ஓடும் தூரத்தைப் படிப்படியாகக் குறைக்கவேண்டும் என்பது பயிற்சியாளர் யாவரும் ஒப்புக்கொண்ட முறை. அந்நாள்களில்தான் பயம் பிடித்து, விட்டதைப் பிடிக்க ஓடிக் காலைக் கெடுத்துக்கொள்வோர் அதிகம்.

பிகிலாவின் கதை உரோமாபுரியோடு முடியவில்லை. 1964இல் டோக்கியோ ஓட்டத்துக்கு ஆறு கிழமை கூட இல்லாத வேளையில் அவருக்குக் குடல்வால் அறுவை நடந்தது. அப்படியிருந்தும் ஓடி வென்றார். இரண்டாமவர் வந்து சேர நான்கு நிமிடத்துக்கு மேலாயிற்று. அதே டோக்கியோவில் நம் நாட்டுக் கருணானந்தா, நோயுற்றிருந்த நிலையிலும் 10,000 மீற்றர் ஓட்டத்தில் இறங்கி, மற்றவர்கள் முடித்த பின்னும் தன்னந்தனியே எஞ்சிய சுற்றுகளை ஓடி முடித்தார். 67ஆம் இலக்கம் தரித்த அக்கடைசி மனிதருக்கு மைதானமே கைதட்டியது. யப்பானியப் பாடநூலிலும் அக்கதை இடம்பெற்றது.

இவ்விரண்டையும் கேட்ட இளைஞர் எவரும், ‘பார்த்தீர்களா, நோவைப் பொருட்படுத்தக் கூடாது’ என்று நம்மிடம் வாதிடக்கூடும். அவருக்கு நாம் மூன்றாவது பட்டணத்தைக் காட்டுகிறோம். 1968இல் மெக்சிக்கோவுக்குப் பிகிலா கால் எலும்புக் காயத்தோடு சென்றார். உலகம் அவரிடம் மூன்றாவது பொற்பதக்கத்தை எதிர்பார்த்து நின்றது. ஏறக்குறைய 17 கிலோமீற்றர் ஓடியதும் அவர் பாதையை விட்டு விலகினார். அன்று வென்றவர் அவருடைய தோழர் மாமோ வொல்டே. ஆறிவிட்ட அறுவைப் புண்ணோடு ஓடுவது வேறு, அடிக்கு அடி உடைகின்ற எலும்போடு ஓடுவது வேறு. அவ்வேற்றுமை, இரு முறை உலகை வென்றவருக்குத் தெரிந்திருந்தது.

அவருக்கு அது எளிதாக இருந்திருக்க முடியாது. அக்காளுக்குத் தொலைபேசியில் சொல்வதும் எளிதன்று. ஆனால் சொல்லவேண்டியவர் புறப்படுமுன்னரே சொல்லவேண்டும். காலை மறைத்துக்கொண்டு விமானம் ஏறுவது அக்காளை ஏமாற்றுவதே ஆகும். சில போட்டிகளில் பெயரை அடுத்த ஆண்டுக்கு மாற்றித் தருவார்கள், அதை விசாரிக்கலாம். வீட்டாரும் ஒன்று செய்யலாம். ‘முடித்தாயா?’ என்று கேட்பதற்கு முன் ‘கால் எப்படி?’ என்று கேட்கலாம்.

ஊர் திரும்பியவர் முதற் பத்து நாளும் ஓடவேண்டியதில்லை, நடந்தாற் போதும். நடக்க ஓர் இடமும் சொல்வோம். அரிப்புக் கரையில், தேசாதிபதி பிரடெரிக் நோர்த் முத்துக் குளிப்பை மேற்பார்வை செய்யக் கட்டுவித்த மாளிகையின் இடிபாடு நிற்கிறது. ‘டொரிக்’ என்பர். 1804இல் முடிவுற்ற கட்டடம். கடல் கரையை அரித்து அரித்து அதன் காலடிக்கே வந்துவிட்டது. தூர தேசங்களிலிருந்து வருவோர் அதன் முன் நின்று படம் எடுத்துப் போகிறார்கள். அருகில் பிறந்தவர் பலர் அதற்குள் ஒரு முறையும் ஏறிப் பார்த்ததில்லை. சோழகம் எழுவதற்கு முன் போனால் மணல் கண்ணில் விழாது.