வண்டி நல்லாத்தான் இருக்குங் சார்

மஞ்சள் நடவு பத்தி எழுதறதா போன வாரம் சொல்லியிருந்தேன். அது கிடக்கட்டும். இந்த வாரம் வயிறு எரிஞ்சுட்டு இருக்கு, அதை முதல்ல எழுதிடறேன்.

எங்க கார் 2014 மாடல், பெட்ரோல் வண்டி. மாட்டுத்தீவன மூட்டையில இருந்து கல்யாணச் சீர்த்தட்டு வரைக்கும் சுமந்த வண்டி. இந்தச் சித்திரையில ஓடிட்டு இருக்கும்போதே நிக்க ஆரம்பிச்சுது. இழுத்து, திணறி, குலுங்கி நிக்கறதில்லை. யாரோ கையை நீட்டிச் சாவியைத் திருப்பின மாதிரி ஒரே நொடியில அணைஞ்சுடும். ஓரங்கட்டிச் சாவி போட்டா எஞ்சின் சுத்தும், பிடிக்காது. வேப்ப மரத்தடியில இருபது நிமிஷம் நின்னுட்டு மறுபடி போட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி பிடிச்சுக்கும். அப்புறம் நாலு நாளைக்கு நல்லா ஓடும்.

டவுன்ல இருக்கிற சர்வீஸ் சென்டருக்கு ஓட்டிட்டுப் போனேன். கண்ணாடிக் கதவு, ஏ.சி., காபி. "கம்ப்யூட்டர் மாட்டிப் பார்த்தோம் சார், எரர் எதுவும் காட்டல. பெட்ரோல்ல தூசி வந்திருக்கும்" என்றார் கழுத்துல அட்டை மாட்டின தம்பி. ஃபில்டர் மாத்தி, என்னமோ கழுவி, 3,900 ரூபாய். பத்தாம் நாள் மறுபடி நின்னுது. ரெண்டாவது தடவை பெட்ரோல் பம்ப், பிளக் நாலு. 11,400 ரூபாய். பழைய பம்பைக் குடுங்கன்னு கேட்டேன். "ஸ்கிராப்ல போட்டாச்சு சார்" என்று பதில்.

இவ்வளவுக்கும் நடுவுல ஒருத்தர்கூட என்னை உக்கார வச்சு எப்ப நிக்குது, எப்படி நிக்குதுன்னு கேக்கல. நானா சொல்ல வாயெடுத்தாலும் ஜாப் கார்டுல "ஸ்டார்டிங் பிராப்ளம்" என்று எழுதிக்கிட்டாங்க. ஸ்டார்ட் ஆகறதுல எனக்கு என்னங்க பிராப்ளம்? ஓடறப்ப நிக்கறதுதானே பிராப்ளம்!

இந்தக் கூத்து எனக்குப் புதுசில்ல. வெத்தலை மாதிரி இருந்த பயிர் மஞ்சளாப் போச்சுன்னு மருந்துக்கடைக்குப் போய் நின்னா இதேதான் நடக்கும். எந்த இலை, மேல் இலையா அடி இலையா, தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா விடறீங்கன்னு ஒரு கேள்வி கிடையாது. நாலு பாட்டில் எடுத்து மேசைமேல வைப்பாங்க. நாலுல ஒண்ணு கேட்டுச்சுன்னா கடைக்காரர் கெட்டிக்காரர். கேக்கலைன்னா அஞ்சாவது பாட்டில். அதே எங்க மாட்டு டாக்டரைப் பாருங்க, ஊசியை எடுக்கறதுக்கு முன்னாடி பத்துக் கேள்வி கேப்பாரு. மாடு பேசாது, அதனால வளர்க்கறவனைக் கேக்கறாரு. காரும் பேசாது. ஆனா இவங்களுக்கு ஓட்டறவன் வாயில்லா ஜீவனாத் தெரியறான்.

சரி, நடந்ததுக்கு வர்றேன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிஞ்சு கோயமுத்தூர்ல இருந்து கூட்டிட்டு வந்தேன். அவினாசி தாண்டி, பெருந்துறைக்கு முன்னாடி, நாலுவழி ரோட்டுல எண்பதுல போயிட்டு இருந்தப்ப அணைஞ்சுது. ஸ்டியரிங் பாறை மாதிரி இறுகிப் போச்சு. கண்ணாடியில பார்த்தா பின்னாடி ஒரு கண்டெய்னர் லாரி. ஹாரனை விடாம அடிச்சுட்டே வந்து, கடைசி நொடியில வலதுபக்கம் ஒடிச்சுத் தாண்டிப் போனான். அந்தக் காத்துலயே கார் ஆடுச்சு. எப்படியோ ஓரத்துக்கு உருட்டிட்டேன். ஒரு கண்ணுல கட்டோட அம்மா கேட்டாங்க, "ஏஞ்சாமி, நம்மூரு வந்துருச்சா?"

மூணாவது தடவை போனேன். ராத்திரி வண்டியை வச்சுக்கிட்டு மறுநாள் கூப்பிட்டாங்க. "டெஸ்ட் டிரைவ் போனோம் சார். எங்களுக்கு நிக்கவே இல்லை. வண்டி நல்லாத்தான் இருக்குங் சார். வேணும்னா காயில் மாத்திப் பாக்கலாம்." எப்ப ஓட்டினீங்கன்னு கேட்டேன். காலைல ஒன்பது மணிக்கு, நாலு கிலோமீட்டர். ராத்திரி பூரா ஆறின வண்டியை! முக்கால் மணி நேரம் சூடேறினாத்தான் நிக்குதுன்னு நான் படிச்சுப் படிச்சுச் சொல்லியும். காயில் வேண்டாம்னுட்டு, பார்த்ததுக்குக் கூலி 600 கட்டிட்டு வந்தேன்.

இது சின்ன ட்ரபிள், எதுக்கு இவ்வளவு கத்தறேன்னு நினைக்கறவங்களுக்கு அமெரிக்காவுல நடந்த ஒண்ணைச் சொல்றேன். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 2014ல சாவி சுவிட்ச் கோளாறுக்காகச் சுமார் 26 லட்சம் கார்களைத் திருப்பிக் கூப்பிட்டுது. சுவிட்ச் உள்ளே பிடிப்பு போதாம இருந்துச்சு. சாவிக்கொத்து கனமா இருந்தாலோ, குழியில வண்டி இறங்கினாலோ, ஓடும்போதே சாவி தானா நழுவி எஞ்சின் அணைஞ்சுடும். அணைஞ்சா ஏர் பேக்கும் விரியாது. அதனால செத்தவங்க 124 பேருக்கு நஷ்டஈடு ஒத்துக்கிட்டாங்க. கம்பெனிக்குள்ள இந்தக் கோளாறு பத்து வருஷத்துக்கு மேலயே தெரியும். ஏன் கண்டுக்கலைன்னு கம்பெனியே வச்ச விசாரணையில வெளிவந்தது என்ன தெரியுமா? ஓடும்போது எஞ்சின் நிக்கறதை அவங்க உயிர்ப் பிரச்சினைன்னு வகைப்படுத்தவே இல்லை. 'வாடிக்கையாளர் வசதி' சம்பந்தப்பட்ட விஷயம்னு ஒதுக்கி வச்சுட்டாங்க.

வசதியாம். நம்ம டவுன் தம்பி எழுதின "ஸ்டார்டிங் பிராப்ளம்" அதுக்குத் தம்பிதான்.

கடைசியில எங்க டிராக்டர் பாக்கற பாய்கிட்டப் போனேன். அவர் பானட்டைத் திறக்கவே இல்லை. பீடியைப் பத்த வச்சுட்டுக் கேள்வி கேக்க ஆரம்பிச்சாரு.

"நிக்கறப்ப மீட்டர்ல லைட்டெல்லாம் செத்துப் போச்சாண்ணா?"

"இல்ல பாய், ரேடியோ பாடிட்டே இருந்துச்சு."

"உடனே கிளட்ச் மிதிச்சீங்களா?"

"இல்ல. அஞ்சாவது கியர்லயே கொஞ்ச தூரம் உருண்டுச்சு."

"அப்ப ஆர்.பி.எம். முள்ளு எங்க நின்னுச்சு?"

யோசிச்சுப் பார்த்தேன். எண்பதுல உருண்டுட்டு இருக்கும்போதே முள்ளு பொத்துன்னு பூஜ்யத்துல கிடந்துச்சு. சொன்னேன். பாய் சிரிச்சாரு.

கியர்ல இருக்கிற வரைக்கும் சக்கரம் எஞ்சினைச் சுத்த வச்சுட்டுத்தான் இருக்கும். பம்ப் செத்து பெட்ரோல் வரலைன்னா வண்டி பெரும்பாலும் முக்கி முனகித்தான் நிக்கும், முள்ளும் வேகத்தோட சேர்ந்து மெதுவா இறங்கும். சுத்தற எஞ்சினைப் பார்த்து முள்ளு பூஜ்யம் காட்டுதுன்னா, எஞ்சின் சுத்தறது கம்ப்யூட்டருக்கே தெரியலைன்னு அர்த்தம். அதைத் தெரியப்படுத்தறது கிராங்க் சென்சார்னு கட்டைவிரல் அளவு ஒரு சாமான். அதுல இருந்து சேதி வரலைன்னா கம்ப்யூட்டர் பெட்ரோலையும் நிறுத்திடும், பொறியையும் நிறுத்திடும். என் வண்டியில இருக்கிறது உள்ளே முடி மாதிரி செப்புக் கம்பி சுத்தின வகை. கம்பி எங்கயோ விட்டிருந்தா சூட்டுல விரிஞ்சு பிரியும், ஆறினா ஒட்டிக்கும். இருபது நிமிஷ வேப்ப மர நிழல் கணக்கு அதுதான்.

பாய் பழங்காலத்து ஆளுன்னு நினைச்சுடாதீங்க. அவர்கிட்டயும் ஒரு குட்டிக் கருவி இருக்கு, வண்டியில சொருகினா செல்போன்ல எல்லாம் காட்டும். உச்சி வெயில்ல என்னைப் பக்கத்துல உக்கார வச்சுட்டு அந்தியூர் ரோட்டுல ஒரு மணி நேரம் ஓட்டினாரு. நின்னுது. சாவி போட்டுச் சுத்த வச்சாரு, செல்போன்ல ஆர்.பி.எம். பூஜ்யம். ஈரச் சாக்கை எடுத்து அந்தச் சென்சார் மேல வச்சு நாலு நிமிஷம் விட்டாரு. சாவி போட்டார், பிடிச்சுக்கிச்சு. புது சென்சார் 1,150 ரூபாய். கூலி 300.

டவுன்லயும் அதே கம்ப்யூட்டர்தானே, இதைவிடப் பெருசே இருக்கு. எரர் பதிவாகலைன்னா கோளாறே இல்லைன்னு மூடி வச்சுட்டாங்க. வந்து வந்து போற கோளாறு பல சமயம் எதையும் பதிய வைக்காதுன்னு அவங்களுக்குத் தெரியாதா? தெரியும். ஒரு மணி நேரம் ஓட்டிப் பாக்கறதுக்கு பில் போட முடியாது, பம்புக்குப் போடலாம்.

நம்ம பக்கமும் யோக்கியமில்லை. ரெண்டாவது தடவை நின்னப்ப நேரம் சரியில்லைன்னு எலுமிச்சம்பழம் கட்டினவன் நான்தான். நம்ம ஊர்ல கார் சாவியோட மோட்டார் ரூம் சாவி, குடோன் சாவி, பழனி முருகன் டாலர்னு கால் கிலோ தொங்குது, முதல்ல அதைக் கழட்டுங்க. மக்காச்சோள மூட்டைக்குப் பக்கத்துல காரை நிறுத்தறவங்க எலி ஒயரைக் கடிச்சிருக்கான்னு பாருங்க, பேட்டரியில இருந்து பாடிக்குப் போற எர்த் ஒயர் பூத்துப் போயிருக்கான்னும் பாருங்க. ஓடும்போது அணைஞ்சா சாவியை மட்டும் உருவிடாதீங்க, ஸ்டியரிங் பூட்டிக்கும். பிரேக்கைத் தட்டித் தட்டி மிதிக்காதீங்க, எஞ்சின் நின்னா உள்ளே மிச்சம் இருக்கிற காத்து உதவி ஒண்ணு ரெண்டு மிதிக்குத்தான் தாங்கும், அப்புறம் பெடல் கல்லாயிடும். நாலு இண்டிகேட்டரையும் போட்டுட்டு, ஒரே அழுத்தா அழுத்தி இடதுபக்கம் ஒதுங்குங்க.

சர்வீஸ் சென்டர்ல நான் கேக்கறது பெரிய விஷயமில்லை. நான் சொல்றதை நான் சொன்ன மாதிரியே ஜாப் கார்டுல எழுதணும். கழட்டின சாமானை என் கையில குடுக்கணும். கோளாறு வர்ற வரைக்கும் என்னோட உக்காந்து ஓட்டணும், அதுக்குக் கூலி கேட்டா சந்தோஷமாத் தர்றேன். கோளாறு இல்லாத பம்பை மாத்தினதுக்குப் பணத்தைத் திருப்பிக் குடுங்கன்னு கேட்டதுக்கு மேனேஜர், "பழைய பம்பும் வீக்காத்தான் இருந்துச்சு சார்" என்றார். எங்கேன்னு கேட்டா ஸ்கிராப்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல சேவைக் குறைபாட்டுக்கு மாவட்ட ஆணையத்துல நாமே மனுக் குடுக்கலாம், வக்கீல் வேணும்னு இல்லை. குடுத்த காசு அஞ்சு லட்சத்துக்குள்ள இருந்தா கட்டணமும் கிடையாது. ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். மூணு ஜாப் கார்டும் ஜெராக்ஸ் எடுத்தாச்சு, பாய் குடுத்த பில்லும் இருக்கு, பழைய சென்சார் ஒரு பாலிதீன் கவர்ல கிடக்கு. திங்கக்கிழமை ஈரோடு போறேன். மஞ்சள் நடவு அடுத்த வாரம்.