மூச்சு விடச் சொல்றதுக்கு முன்னாடி...

ஆஸ்பத்திரிகள்ல ஒரு ஃபேஷன் கிளம்பியிருக்கு. வார்டுல ஊழியர்களுக்குள்ள சண்டையா? கூப்பிடு நர்ஸுங்களை. ஏசி ஹால்ல உக்கார வை. "கண்ணை மூடுங்க, மூச்சை கவனிங்க." முடிஞ்சதும் சமோசா, டீ, ஒரு சர்டிபிகேட். சண்டை தீர்ந்துச்சாம்!

மூச்சுப் பயிற்சி மேல எனக்குக் கோபம் இல்லை. 1979-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ்ல ஜான் கபாட்-ஜின் இதை ஆஸ்பத்திரிக்குள்ள கொண்டு வந்தது, நாள்பட்ட வலியோட வாழ்ற நோயாளிகளுக்காக. கத்தறவர் முன்னாடி குரலை இறக்கிப் பேசறதும் நல்ல வித்தைதான். வார்டுல நிக்கிறவ நான், எனக்கே உதவியிருக்கு. என் கேள்வி ஒண்ணுதான்: அந்த ஹால்ல யார் உக்காந்திருக்காங்க?

நர்ஸ், ஆயாம்மா, லேப் டெக்னீஷியன். ரவுண்ட்ஸ்ல எல்லார் முன்னாடியும் கேஸ் ஷீட்டை விட்டெறியற பெரிய டாக்டர் எங்கே? அவருக்கு ஓ.பி. இருக்காம். அடிக்கிறவரை விட்டுட்டு, அடி வாங்கறவங்களுக்கு வலிக்காம இருக்கப் பாடம் எடுக்கறதுக்குப் பேரு பயிற்சியா?

இது வெறும் மானப் பிரச்னை இல்லீங்க. போன வாரம் திட்டு வாங்கின நர்ஸ், இன்னிக்கு மருந்து அளவுல சந்தேகம் வந்தா டாக்டருக்குப் போன் போட யோசிப்பாங்க. அந்த யோசனைக்கு விலை கொடுக்கறது படுக்கையில இருக்கிறவர். அமெரிக்காவுல ஆஸ்பத்திரிகளுக்கு அங்கீகாரம் தர்ற ஜாயின்ட் கமிஷன் 2008-லயே எச்சரிச்சது, மிரட்டற நடத்தை மருத்துவத் தவறுகளுக்கு வழி வகுக்கும்னு.

இன்னொண்ணு. சண்டை எங்கேர்ந்து வருது? 2015-ல் எம்.ஆர்.பி. மூலமா எடுத்த நர்ஸுங்களுக்கு மாசம் 7,700 ரூபாய். ரெண்டு வருஷத்துல நிரந்தரம்னு சொன்னது நடக்கலைன்னு 2017 நவம்பர்ல சென்னை டி.எம்.எஸ். வளாகத்துல ஆயிரக்கணக்குல உக்காந்தாங்க. ஒரே வார்டு, ஒரே வேலை, பக்கத்துல நிக்கிற சிஸ்டருக்குப் பல மடங்கு சம்பளம். இந்தப் புகைச்சல் மூச்சை விட்டா அணையுமா? ஊதினா இன்னும்தான் எரியும் :-)

பயிற்சி தாராளமா நடத்துங்க. ஆனா முதல் வரிசையில பெரிய டாக்டர் உக்காரட்டும். "எனக்குக் கவலையா இருக்கு, நோயாளிக்கு ஆபத்து"ன்னு ஆயாம்மா சொன்னாலும் வேலையை நிறுத்திக் கேக்கணும்னு ஒரு விதி போடுங்க. நைட் ட்யூட்டிக்கு இன்னொரு ஆளையும் போடுங்க.

அப்புறம் நாங்களே மூச்சு விட்டுக்கறோம். இப்போ அதுக்குத்தான் நேரமில்லை.