தொண்ணூறு வயசு ஆட்டமும் மூணாவது மாடி லேபும்

2024 தொடக்கத்தில் ஒரு வீடியோ உங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்கும் கண்டிப்பா வந்திருக்கும். அயோத்தியில் வைஜெயந்திமாலா பரதநாட்டியம் ஆடிய வீடியோ. 1933-ல் பிறந்தவர். அப்போ வயசு 90. இளமையின் வேகம் இல்லைதான். ஆனா நிமிர்ந்து நின்று, முத்திரை பிடித்து, அடி வைத்து ஆடினார். அதே வருஷம் பத்ம விபூஷண் விருதும் அறிவிக்கப்பட்டது.

எங்க குரூப்பில் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "இந்த வயசுலயும் எப்படி? என்ன ரகசியம்?"

அந்தக் கேள்வியே தப்புன்னு சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அவர் சினிமாவுக்கு வந்தது 1949-ல், ஏ.வி.எம்.மின் 'வாழ்க்கை' படத்தில். 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' படத்தில் பத்மினியோடு ஆடிய போட்டி நடனத்தை நம்ம தாத்தா பாட்டி இன்னும் பேசுவாங்க. இந்தியிலும் 'நாகின்', 'மதுமதி' என்று உச்சம். 1968-ல் கல்யாணம். 1970-ஓடு சினிமா முடிந்தது. சினிமா முடிந்த பிறகும் அவர் நாட்டியத்தை விடவில்லை. 1982-ல் பரதநாட்டியத்துக்காக சங்கீத நாடக அகாடமி விருது வாங்கினார். 1984-ல் தென்சென்னை எம்.பி. ஆனார். கோல்ஃப் விளையாடினார். வேலை மாறிக்கொண்டே இருந்தது, ஆனா உடம்பை அசைக்கும் பழக்கம் நிற்கவில்லை.

இப்போ நம்ம கதைக்கு வருவோம். உங்க பழக்கம் எப்போ நின்றது? எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. பத்தாம் வகுப்பில், பி.இ.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் 'கடன்' வாங்கிய அன்று. அந்தக் கடன் திரும்பி வரவே இல்லை. பன்னிரண்டாவதிலும் அதே கதை. இப்போ எனக்கு வயசு இருபது. லிஃப்ட் ஓடாத நாளில் மூணாவது மாடி லேபுக்கு ஏறினால், அட்டெண்டன்ஸ் சொல்லக்கூட மூச்சு மிச்சம் இருக்காது.

இன்ஜினியரிங் படிக்கிற நமக்கு இது புரியணும். இரும்புக் கம்பி மேல் திரும்பத் திரும்ப பாரம் ஏற்றினால் அது களைத்து ஒரு நாள் விரிசல் விடும். எலும்பு அப்படி இல்லை. அளவான பாரம் கிடைத்தால் அது இன்னும் உறுதியாகும். ஜூலியஸ் வோல்ஃப் என்ற ஜெர்மன் மருத்துவர் 19-ம் நூற்றாண்டிலேயே இதைச் சொல்லிவிட்டார். முக்கியமான விஷயம், எலும்பின் இந்தச் சேமிப்பு கிட்டத்தட்ட முப்பது வயசுக்குள் உச்சத்தைத் தொட்டுவிடும். அதற்கப்புறம் எலும்பும் தசையும் மெல்ல மெல்லக் குறையும். அந்தக் குறைவைப் பயிற்சியால் தள்ளிப் போடலாம், அவ்வளவுதான். அதாவது டெபாசிட் போடுற வயசு இதுதான். நாம அதை உட்கார்ந்தே கழிக்கிறோம்.

"அவங்க ஸ்டார், வசதி இருந்தது"ன்னு நீங்க சொல்லலாம். உண்மைதான். எங்க கடலூர்ப் பக்கம் விடிய விடியத் தெருக்கூத்து கட்டிய ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். கட்டை கட்டி, கிரீடம் வைத்து ராத்திரி முழுக்க ஆடிய உடம்பு. இன்று மூட்டு வலியோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கார். உழைப்பில் குறை இல்லை. ஓய்வும் சத்தான சாப்பாடும் வைத்தியமும்தான் சரியா கிடைக்கலை. அதனால 'பயிற்சி செய்தால் எல்லாரும் 90-லும் ஆடலாம்'னு நான் சொல்லமாட்டேன். பரம்பரை, பணம், அதிர்ஷ்டம் எல்லாம் சேர்ந்ததுதான் முதுமை. அதில் நம்ம கையில் இருக்கிற பங்கு கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தையும் ஏன் விடணும்?

சிதம்பரம் நடராஜர் கோயில் கோபுர வாசலுக்குள் நுழையும்போது ஒரு தடவை நின்று பக்கச் சுவரைப் பாருங்க. நாட்டிய சாஸ்திரம் சொல்லும் 108 கரணங்களைக் கல்லில் செதுக்கி வைத்திருக்காங்க. 1981 முதல் சிவராத்திரியை ஒட்டி அங்கே நாட்டியாஞ்சலியும் நடக்குது. நாம அந்தச் சிற்பத்துக்கு முன்னாடி நின்று செல்ஃபி எடுக்கிறோம். அடுத்த தடவை ஒரே ஒரு நிமிஷம் அரைமண்டியில் உட்கார்ந்து பாருங்க. தொடை நடுங்கும்போது அந்த 90 வயசு ஆட்டத்தின் அருமை புரியும்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்குச் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷம் மிதமான உடற்பயிற்சி, கூடவே இரண்டு நாள் தசைக்கு வலு தரும் பயிற்சி. ஒரு ஐ.பி.எல். மேட்ச் பார்க்கிற நேரத்தை விடக் குறைவு.

வெள்ளி கடற்கரையில் காலையில் நடக்கிறவங்களைப் பாருங்க. பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவங்க, சுகர் வந்த பிறகு டாக்டர் சொல்லி வந்தவங்க. டாக்டர் சொல்வதற்கு முன்னாடியே நாம போனால் என்ன? இந்த ஞாயிறு காலை ஆறு மணிக்கு நான் அங்கே இருப்பேன். அலாரத்தை ஸ்னூஸ் பண்ணாம வந்துடுங்க.