சட்டையைத் திருப்பிப் போடு!

காலை அவசரத்தில் சட்டையை உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிப் பாருங்கள். டீக்கடை பெஞ்சு மொத்தமும் சிரிக்கும். ஆனால், வேண்டுமென்றே துணியைத் திருப்பிப் போட்டுக்கொள்கிற இடம் ஒன்று உண்டு. முஸ்லிம்களின் மழைத் தொழுகை!

மழை பொய்த்தால் திறந்தவெளியில் ஜனம் கூடும். பெருநாள் மாதிரி புதுத்துணி, அத்தர் எல்லாம் கிடையாது. எளிய உடை, தாழ்ந்த தலை. இரண்டு ரக்அத் தொழுகை, பிரசங்கம், துஆ. நடுவே இமாம் தன் மேலாடையின் வலப்பக்கம் இடது தோளுக்கு வரும்படி மாற்றிப் போட்டுக்கொள்வார். நபிகள் நாயகம் காட்டிய வழி. 'இதே மாதிரி எங்க நிலைமையும் மாறட்டும்' என்பதற்கு அது அடையாளமாம். 'முதல்ல நீ மாறுப்பா' என்றும் எனக்குக் கேட்கிறது.

மதீனாவில் ஒரு வெள்ளிக்கிழமை. நபிகள் பிரசங்கம் செய்துகொண்டிருந்தபோது ஒருவர் உள்ளே வந்தார். கால்நடைகள் சாகின்றன, பயணமெல்லாம் நின்றுபோச்சு, மழை கேளுங்கள் என்றார். நபிகள் கைகளை உயர்த்தினார்கள். துளி மேகமில்லை. ஸல்உ மலைக்குப் பின்னாலிருந்து கேடயம் அளவுக்கு ஒரு மேகம் எழுந்தது. அப்புறம் ஒரு வாரம் சூரியனையே காணோம்!

அடுத்த வெள்ளி. மறுபடி ஒருவர். வீடுகள் இடிகின்றன, போதும் என்று கேளுங்கள்! நபிகள் மழையே வேண்டாம் என்று கேட்கவில்லை. எங்கள் மேல் வேண்டாம்; சுற்றியுள்ள குன்றுகளில், ஓடைகளில், மரம் முளைக்கிற இடங்களில் பெய்யட்டும் என்றுதான் வேண்டினார்கள்.

2015 டிசம்பரில் மொட்டை மாடிக்கு ஓடி, 2019 கோடையில் குடத்தோடு தண்ணீர் லாரிக்கு ஓடிய சென்னைக்காரர்களுக்கு இதன் அருமை புரியும். மழை ஏரியில் வேண்டும், ஹாலில் வேண்டாம். என்ன, ஏரியிலேயே ஹாலைக் கட்டிவிட்டோம்!

ஹிஜ்ரி 18, அதாவது கி.பி. 639 வாக்கில் அரேபியாவில் கடும் பஞ்சம். 'சாம்பல் வருஷம்' என்றே அதற்குப் பெயர். ஜனங்களுக்குக் கிடைக்கிறவரை நெய்யைத் தொடமாட்டேன் என்று கலீஃபா உமர் எண்ணெயோடு ரொட்டி சாப்பிட்டார். வயிறு கடமுடா என்று சத்தம் போட்டது. எவ்வளவு வேணா கத்திக்கோ, ஊர் பசி தீருகிறவரை உனக்கு இதுதான் என்று வயிற்றுக்கே உத்தரவு போட்டுவிட்டாராம்.

வெளி மாகாணங்களிலிருந்து தானியம் வரவழைத்தார். பசியில் திருடியவனுக்குக் கை வெட்டும் தண்டனையை நிறுத்திவைத்தார். நபிகளின் சிறிய தந்தை அப்பாஸை முன்னிறுத்தி மழைக்கு துஆவும் கேட்டார். மழை வந்தது.

மழைத் தொழுகைக்குப் போகிறவரிடம், "குடை எடுத்துக்கிட்டீங்களா?" என்று கேட்பது பழைய ஜோக். உமராக இருந்தால், "நெய்யை விட்டீங்களா?" என்றுதான் கேட்டிருப்பார்.