காற்றோடு மல்லுக்கட்டும் தோட்டம்: கணவரை இழந்த ராணி வாங்கிய கடலோரக் கோட்டை!

1952 பிப்ரவரி 6. பிரிட்டன் மன்னர் ஆறாம் ஜார்ஜ் தூக்கத்திலேயே காலமானார். 25 வயது மூத்த மகள் எலிசபெத் அரசியானார். அன்றுவரை மகாராணியாக இருந்த அவருடைய அம்மா, 51 வயதில் ராஜமாதா ஆனார். அவர் பெயரும் எலிசபெத்தான்.

28 ஆண்டுகளுக்கும் மேலான மண வாழ்க்கை சட்டென்று முடிந்துவிட்டது. குடியிருந்த அரண்மனையும் இனி மகளுடையது. துக்கத்தில் இருந்தவர், ஸ்காட்லாந்தின் வடகோடியில் இருக்கும் கெய்த்னெஸ் பகுதிக்கு, நண்பர்கள் வீட்டுக்குப் போனார். அங்கேதான் அந்தப் பழைய கோட்டை அவர் கண்ணில் பட்டது.

யாருக்கும் வேண்டாத கோட்டை

1566 முதல் 1572 வரை கட்டப்பட்டது அது. புயலில் கூரை சேதமாகி, பராமரிக்க ஆளில்லாமல் கிடந்தது. கைவிடப்படப் போகிறது என்று தெரிந்ததும், தானே வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார் ராஜமாதா. எத்தனையோ அரண்மனைகளில் வாழ்ந்தவருக்கு, சொந்தமாக வாங்கிய வீடு என்று இருந்தது இது ஒன்றுதான்! அப்போது 'பாரோகில்' என்று அழைக்கப்பட்ட கோட்டைக்கு, 'மே கோட்டை' என்ற அதன் பழைய பெயரையே திரும்பச் சூட்டினார். மே என்பது பக்கத்தில் இருக்கும் ஊரின் பெயர்.

கோட்டையைச் சீர்செய்யச் சில ஆண்டுகள் பிடித்தன. கூடவே தோட்டத்தையும் கையில் எடுத்தார். சவாலே அங்கேதான் இருந்தது.

எதிரி... காற்று!

கோட்டையிலிருந்து சில நூறு மீட்டர் நடந்தால் கடல். எதிரே ஆர்க்னி தீவுகள். இடையில் ஓடும் பென்ட்லாண்ட் நீரிணை, வேகமான நீரோட்டத்துக்குப் பேர்போனது. கடலிலிருந்து வரும் உப்புக்காற்று இலைகளைக் கருக்கிவிடும். இந்தப் பக்கத்தில் மரங்களே குறைவு. இருக்கும் மரங்களும் காற்றடிக்கும் திசைக்கு முதுகு காட்டி வளைந்து நிற்கும்.

அதனால்தான் தோட்டத்தைச் சுற்றி சுமார் 12 அடி உயரத்துக்குக் கல் சுவர். சீனப் பெருஞ்சுவரை நினைவுபடுத்தும் விதமாக, 'மே பெருஞ்சுவர்' என்று வேடிக்கையாக அழைக்கிறார்கள்.

சுவர் மட்டும் இருந்தால் போதாதா? போதாது. கெட்டியான சுவரில் மோதும் காற்று, மேலே ஏறித் தாண்டி, மறுபக்கம் சுழன்று இறங்கிச் செடிகளை அலைக்கழிக்கும். இதற்காகத்தான் உள்ளே வரிசை வரிசையாக உயிர்வேலிகள். இலைகளுக்கு நடுவே கொஞ்சம் காற்றை விட்டு, அதன் வேகத்தை மட்டும் குறைத்துவிடும் வேலி. தோட்டம் சின்னச் சின்ன அறைகள் போலப் பிரிந்திருப்பது அழகுக்காக மட்டுமல்ல, செடிகள் பிழைப்பதற்காகவும்தான். மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களும் இதைக் கவனிக்கலாம். காற்று அதிகம் வரும் பக்கம், தகரத் தடுப்பைவிட நிழல்வலை நல்லது.

ரோஜாவும் முட்டைக்கோஸும்

மே கோட்டைத் தோட்டத்தில் பகட்டு கிடையாது. வீட்டுக்குத் தேவையான காய்கறிகள், பழங்கள், பக்கத்திலேயே டேலியா, சாமந்தி, பான்சி பூக்கள். ஒரு மூலையில் 'சிப்பித் தோட்டம்' என்ற சின்ன இடம். ராஜமாதாவுக்குப் பிடித்த 'ஆல்பர்டைன்' என்ற பழைய ரக ரோஜா அங்கே படர்ந்து மணக்கும். மதிய வேளைகளில் நாய்களோடு வந்து அவர் அங்கே உட்காருவது வழக்கம்.

ஆண்டுதோறும் ஆகஸ்ட்டிலும் அக்டோபரிலும் இங்கே வந்து தங்குவார். ஆடு, மாடுகளும் வளர்த்தார். ஏறக்குறைய அரை நூற்றாண்டு இப்படியே போனது. 1996-ல் கோட்டையை ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார். 2002 மார்ச் 30-ல், 101 வயதில் மறைந்தார். அதே ஆண்டு முதல் பொதுமக்கள் கோட்டைக்குள் போய்ப் பார்க்கலாம்.

போக நினைப்பவர்களுக்கு...

இன்வெர்னெஸ் நகரிலிருந்து தர்சோவுக்கு ரயில் இருக்கிறது. ஏறக்குறைய நான்கு மணி நேரப் பயணம். தர்சோவிலிருந்து சாலை வழியே சுமார் 24 கிலோமீட்டர். வழக்கமாக மே முதல் செப்டம்பர் வரை திறந்திருக்கும். கோடையின் நடுவே மன்னர் சார்லஸ் வந்து தங்குவதால் சில நாள்கள் மூடிவிடுவார்கள். தேதியைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். ஜூன் என்றால் இரவு 10 மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். ஆனாலும் ஸ்வெட்டர் அவசியம்!

சுவருக்கு வெளியே நின்றால் தலைமுடி பறக்கும், பேச்சு காதில் விழாது. கதவைத் திறந்து உள்ளே நுழைந்தால், ரோஜா வாசம். மனசு நொறுங்கிப்போன ஒரு பெண் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது ஏன் என்பது, அந்தக் கதவைத் தாண்டும்போது புரியும்.